சீட்டின் அடியில் 41

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். விழுப்புரம் ஸ்டேஷனை அடைவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. நேற்றைய கூட்டத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இரண்டு முறை யோசித்தேன்.

வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

திண்டிவனம் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலைச் சந்தைக்கு, டோக்கன் போடும் ஆப். பில்டு 41இல், அதாவது அதன் 41ஆம் பதிப்பில், ஒரே எண் இரண்டு பேருக்குப் போகிறது என்று கண்டுபிடித்தது நான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்தியது அனிதா. நேற்றுக் காலை 42 தயாராகிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு எமகண்டம், அதற்குள் அனுப்பியாக வேண்டும். முதலாளி சிவநேசனுக்குப் பொறுக்கவில்லை. கற்பூரம் ஏற்றினார், கைக்கு வந்த 41ஐயே தன் கைபேசியிலிருந்து மண்டிக்கு அனுப்பினார். திரையில் அனிதாவின் 42க்கு ‘சோதித்தாயிற்று’ லேபிளையும் அவரே ஒட்டினார். அது சோதிப்பவளான நான் மட்டும் ஒட்ட வேண்டிய லேபிள். பொது லாகினில் ஒட்டியதால் யார் கை என்று பதிவில் இல்லை.

மதியம் மண்டியில் ஒரே எண்ணோடு இரண்டிரண்டு பேர். அடிதடி. மூன்று மணிக்கு மழை. வெளியே நின்ற மூட்டைகள் நனைந்தன. மாலைக் கூட்டத்தில் சிவநேசன்: “நான் பதினொரு மணிக்கு நாப்பத்திரண்டத்தான் ஏத்தினேன். அனிதா திருத்தினதுலதான் கோளாறு.”

பதினொன்றுக்காம். எமகண்டத்தில் டீ கூடக் குடிக்காத மனிதர்.

இன்று 41இன் கோப்பைத் தேடினேன். 38 இருக்கிறது, 39, 40 இருக்கின்றன. 41 நீக்கப்பட்டிருக்கிறது. மண்டியிலும் இப்போது 42 ஓடுகிறது. நேற்றுக் கூட்டம் முடிந்ததும் மாற்றியிருப்பார்.

அனிதா கண்டமங்கலத்துப் பெண். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினாள். “வெள்ளிக்கிழமையோட நின்னுக்க சொல்லிட்டாரு மேடம்.”

கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்தேன். பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ரயிலில் நினைவு வந்தது. டோக்கன் சீட்டின் அடியில் பில்டு எண் பொடியெழுத்தில் அச்சாக வேண்டும் என்று போன வருஷம் சண்டை போட்டு வாங்கினேன். “யாரு மேடம் இத்த படிக்கப் போறா?” என்று சிரித்தார் சிவநேசன்.

மே 13, புதன்

அரை நாள் லீவு. திண்டிவனத்தில் இறங்கி நேராக மண்டிக்கு.

களத்தில் ஓர் அம்மாள் நனைந்த மல்லாட்டையைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தனலட்சுமி, கூட்டேரிப்பட்டு. திங்கள்கிழமைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

“இல்லாம? இத்த வச்சிக்கினுதான மூணு நாளா சண்ட போட்டுக்கினு இருக்கேன். வெள்ளனவே வந்து குந்திக்கினு இருந்தேன். என் நம்பரையே இன்னொரு ஆளுக்கும் குடுத்துட்டான். அவன் மூட்ட உள்ள பூடுச்சி, என்து மழையில.”

மணிபர்ஸிலிருந்து எடுத்தார். நான்காய் மடித்த சீட்டு. அடியில் பொடியாக: 41.

கையில் வாங்கப் போனேன். இழுத்துக்கொண்டார்.

“போட்டோ புடிச்சிக்க. சீட்டு என்கிட்டயே இருக்கட்டும். நீயும் அந்த ஆபீஸுதான?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

தையல்காரர் ரவிக்கையைக் கெடுத்துவிட்டார். இன்று அவரிடம்கூடச் சண்டை போடத் தெம்பில்லை.

மே 14, வியாழன்

மேகம். மழை இல்லை.

மண்டிச் செயலாளர் எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தார். சிவநேசன் அனிதாவைப் பற்றி ஆரம்பித்ததும் என் கைபேசியை மேசை மேல் வைத்தேன்.

செயலாளர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். “இன்னாம்மா இது, நாப்பத்தொண்ணு?”

“திங்கக்கிழமை உங்களுக்கு வந்த ஆப்போட எண். அனிதா திருத்தினது நாப்பத்திரண்டு. அத அன்னிக்கு யாரும் அனுப்பல.”

அவர் சிவநேசன் பக்கம் திரும்பினார். “அப்ப பழைய சரக்கத்தான் தள்ளிவுட்டியா?”

“நேரம் முடியப் போவுதேன்னு ஒரு அவசரத்துலங்க...”

“நல்லா பாத்த போ நல்ல நேரம். எங்க மூட்டைய நனைக்க.”

அனிதா வேலையை விட்டு நிற்க வேண்டாம் என்றாயிற்று. சிவநேசன் அதை அவளிடம் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கும் பெண் வந்து சொன்னாள். மன்னிப்பு என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. தனலட்சுமியின் மூட்டைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கேட்டேன், “பாக்கலாம் மேடம்” என்றார் சிவநேசன்.

இரண்டு மணிக்குத் திரையில் சிவநேசனிடமிருந்து புது வேலை வந்தது.

டோக்கன் சீட்டின் அடியில் வரும் பில்டு எண்ணை எடுத்துவிடவும்.
லேபிள்: அவசரம்.
எழுதுபவர்: அனிதா.
சோதிப்பவர்: நான்.

அனிதா என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள், வேறு வழியில்லை அவளுக்கு. நாலு மணிக்கு 43 தயார். சோதித்தேன். சீட்டின் அடியில் வெள்ளைத்தாள். கேட்டது கேட்டபடி இருக்கிறது.

‘சோதித்தாயிற்று’ லேபிளை ஒட்டவில்லை. ஐந்தரைக்குள் சிவநேசன் இரண்டு முறை வந்து கேட்டார். ஒட்டவில்லை.