முன்பே இருந்ததா?

அக்டோபர் 3

கிடங்கில் இன்றும் ஒரு பெட்டி கைநழுவி விழுந்தது. வலது கால் மரத்துப்போய், உணர்வு திரும்பாமலேயே இருக்கிறது. இடது கண்ணில் அழுக்கு டம்ளர் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு மங்கல். மேற்பார்வையாளரிடம் களைப்பு என்றேன். ஆகஸ்டிலிருந்து இதே களைப்பு.

அக்டோபர் 9

தேவாலயத்தின் அடித்தளத்தில் வியாழக்கிழமை தோறும் இலவச வைத்தியம். டாக்டர் கீஃபர், ஓய்வுபெற்றவர். என்னைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்துவிட்டேன். அவரே பிடித்து உட்கார வைத்தார்.

"நரம்பு மேல இருக்கற உறையை உடம்பே அரிக்குதுன்னு நினைக்கறேன். மூளையை ஸ்கேன் பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாது. மருந்து இருக்கும்மா. ஆனா தள்ளிப்போட்டா, போனது போனதுதான்."

என் ராணுவக் கோட்டைப் பார்த்தார். "காப்பீடு இல்லைன்னு எழுதியிருக்கே? நீங்க ராணுவம்தானே?"

"மாசத்துல ஒரு சனி, ஞாயிறு மட்டும் ராணுவம், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்றார். ரிசர்வ் படையில் என் வேலையே லாரி ஓட்டுவதுதான்.

அக்டோபர் 10

நரம்பு மருத்துவரின் அலுவலகத்தில் என் பெயருக்கு முன்னால் காப்பீட்டைக் கேட்டார்கள். இல்லையென்றதும், மார்ச் மாதம்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்றார்கள். மாநில மருத்துவ உதவி அலுவலகத்தில் கேட்டேன். வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறதாம். "ராணுவச் சம்பளம் மட்டும் இல்லேன்னா கிடைச்சிருக்கும் மேடம்," என்றாள் அங்கிருந்த பெண், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

ரிசர்வ் வீரர்களுக்கென்று ஒரு காப்பீடு உண்டு. வசந்தத்தில் கிடங்கில் வேலை நேரத்தைக் குறைத்தபோது, மாதப் பணத்தை மிச்சப்படுத்த நானே நிறுத்தினேன். எனக்கு என்ன வரப்போகிறது என்று. முப்பத்திரண்டு வயதில் யார்தான் நினைப்பார்கள்?

அக்டோபர் 14

தங்கை வாண்டா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டே வெடித்தாள். "அக்கா, படையில சொல்லித் தொலை. ஓட்ட முடியலேன்னு சொல்லு!"

"சொன்னா அனுப்பிருவாங்க."

"யாரையாவது கொன்னா மட்டும் வச்சுக்குவாங்களா?"

அவள் சொல்வது சரி. சரி என்று தெரிந்தும் சனிக்கிழமைக்குச் சீருடையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18

எழுத்து கோணல். எழுதியே ஆக வேண்டும்.

பயிற்சித் திடலுக்கு லாரி வரிசை. பக்கத்தில் மெக்கானிக் ஹாஸ்கின்ஸ், வாய் மூடாமல். காலையில் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்திட்டவன் அவன்தான். சரிவில் பிரேக்கை அழுத்தினேன். அழுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன் — கால் அங்கே இல்லை. குனிந்து பார்த்தால், பூட்ஸ் வேறெங்கோ கிடக்கிறது, யாருடைய காலோ போல. அதற்குள் பள்ளம்.

என் தலை ஜன்னலில் மோதியது. ஹாஸ்கின்ஸுக்கு உதடு கிழிந்து ரத்தம். "ராணியம்மா, இங்க பள்ளம் இருக்கறது எனக்கே தெரியும். இறங்கித்தான் காட்டணுமா?" என்று சிரித்தான்.

ஆம்புலன்ஸில் சார்ஜென்ட் டாலிவர் ஏறினாள். என்னோடு படையில் சேர்ந்தவள், என் நோயைப் பற்றி எல்லாம் அறிந்தவள். காதருகே குனிந்தாள். "பணியில இருக்கும்போது தலையில அடி. இனி ராணுவம் ஸ்கேன் எடுக்கும், வைத்தியமும் பார்க்கும். பிரேக் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லு. வேற வாயைத் திறக்காதடி."

அக்டோபர் 19

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

அக்டோபர் 22

மூளையில் வெள்ளைத் தழும்புகள். பழையவையும் புதியவையும். கீஃபர் நினைத்ததுதான்.

அக்டோபர் 24

பிரேக்கைப் பற்றி விசாரணை வைத்திருக்கிறார்கள். பிரேக் கோளாறு என்றால் ஹாஸ்கின்ஸ் சோதிக்காமலே கையெழுத்திட்டான் என்றாகும். டாலிவரிடம் போனில் சொன்னேன்.

"அவனுக்கு ஒரு பதவி இறங்கும். உனக்குக் கால் போகும். எதுடி பெருசு?"

அக்டோபர் 25

பதவி திரும்ப வரும். கால்?

அக்டோபர் 30

கேப்டன் ரெம்லியின் அறைக்கு வெளியே ஹாஸ்கின்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இன்று கேலி இல்லை. "ரெண்டு தடவை பார்த்தேன் லொரீன். சத்தியமா ரெண்டு தடவை பார்த்தேன்," என்றான். என்மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தன்மேல்தான்.

உள்ளே கேப்டன் ஸ்கேன் முடிவைப் புரட்டினார். "இந்த நோய், முன்பே இருந்ததா?"

இல்லை என்று சொல்லத்தான் போனேன். ஒரு சொல். வாயில் வந்துவிட்டது.

"ஆகஸ்ட்லேர்ந்து இருக்கு சார். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. என் கால்தான் பிடிக்கலை."

பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடியே இருந்த நோய்னு சொன்னா ராணுவம் வைத்தியம் பார்க்காது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சே ஓட்டியிருக்கீங்க."

"ஆமா சார்."

தாழ்வாரத்தில் டாலிவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முட்டாள்," என்றாள்.

நல்ல காரியம் செய்ததுபோல இல்லை. பயமாக இருக்கிறது.

நவம்பர் 14

சீருடைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிடங்கிலும் நிறுத்திவிட்டார்கள். தடி ஊன்றிக்கொண்டு அங்கே நடக்கக் கூடாதாம்.

டிசம்பர் 5

மாநில உதவி அலுவலகம். "இப்ப உங்களுக்கு வருமானமே இல்லை, அதனால கிடைக்கும் மேடம்!" என்றாள் அதே பெண், உண்மையான மகிழ்ச்சியோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாண்டா வெளியே போய் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

ஜனவரி 16

முதல் மருந்து ஏறியது. இடது கண் திரும்பாது என்றார் மருத்துவர். கால், இருப்பது இப்படியே நின்றால் அதிர்ஷ்டம். அக்டோபரிலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார்.

வாண்டாவுக்கு வேலை. அழைத்துப்போக வந்தது ஹாஸ்கின்ஸ். வழியெல்லாம் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டு வந்தான். அந்த நாளைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. திரும்பும்போது மருத்துவமனைப் படிகளில் பனி உறைந்திருந்தது. பேச்சை நிறுத்தாமலே சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றுகொண்டான். எந்தக் கண் போனது என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை.