தேசிக்காய் போட்டுக் கழுவின கை

செவ்வாய், இரவு.

புற்றுநோய்க்கு மருந்து ஏத்தத் தொடங்கினதிலிருந்து இவருக்கு மீன் மணம் ஏலாது, குமட்டிச் சத்தி எடுப்பார். துறைமுகத்தில் வேலை முடிந்தால் மீனோடு வீட்டுக்கு வாற மனிசன். மூன்று மாதமாய் எங்கட குசினியில் மீன் இல்லை.

இன்று இவர் நித்திரையாய் இருக்க, பின்தெருவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பாரைக் குழம்போடு சோறு தின்றனான். எனக்கும் ஆசை இருக்கக்கூடாதோ. மீன் மணம் போகக் கையைத் தேசிக்காய்ப் புளி போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தனான்.

தலையணையைச் சரியாக்கக் குனிய, கையைப் பிடித்தார்.

"என்ன மீன்?"

பொய் சொல்ல ஏலாமல் போச்சு. "பாரை."

"புளி அளவாய் இருந்ததோ?"

"ஓம்."

சத்தி எடுக்கப்போறாரென்று மற்றக் கையால் பேசினை எடுத்தனான். இவர் என்ர கையை மூக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பேசினோடு அப்படியே நின்றனான்.