களிக்கு முன் ஒரு குத்து

அம்மாவுக்கு, அரூரிலிருந்து வாசுகியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? போனில் நீ கேட்டால் "நல்லா சாப்பிடறேன்" என்று பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கிராமத்துப் பெண்களுக்கு ரத்தசோகை பார்ப்பதுதானே என் வேலை? போன வாரம் ஒருத்தரும் விரலை நீட்டவில்லை. "மொதல்ல நீங்க குத்திக்கோங்க, பாக்கலாம்" என்றார் முன்னால் நின்ற சாலம்மாள் அக்கா. குத்திக்கொண்டேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்பது! அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் என்னைத் தோற்கடிக்கவே வரிசையில் நின்றார்கள். அக்காவுக்கு எட்டு. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து என் டீ, பன் சாப்பாட்டுக்குத் தடை. மதியம் அக்கா வீட்டில் எங்கள் இருவருக்கும் கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. கும்பகோணத்துப் பழக்கத்தில் களியை மென்றேன். "ஐயோ, மெல்லாதீங்க! முழுங்குங்க!" என்று அதட்டுகிறார்.

நம் மரத்து முருங்கைக்கீரையைப் பொடித்து இரண்டு டப்பா அனுப்பு, ஒன்று அக்காவுக்கு. உன் பழைய புடவை ஒன்றும் வை, போர்த்திக்கொள்ள.

நான் ஏற வேண்டிய பஸ் ஹாரன் அடிக்கிறது, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இந்தக் குறை அதிகமாம். நீயும் ரத்தம் பார்த்துவிடு. ரிசல்ட் சீட்டையே கவரில் வைத்து அனுப்பு. போனில் நீயும் என்னைப் போலத்தான்.

உன் வாசுகி