கழுவாத கால்

+
ஜனவரி 9

பிரியமுள்ள குருவிக்கு,

உன் புத்தாண்டு வாழ்த்து அட்டை கிடைத்தது. படம் நன்றாக இருந்தது. தலைப்பில் சிலுவைக் குறி இல்லை. அந்தச் சின்னச் சிலுவையைப் போடாமல் ஒரு தாளில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று பள்ளியில் மதர் நமக்குச் சொல்லித் தந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பல வருடமாகவே நீ போடுவதில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன்.

இங்கே ஒரு செய்தி. என் வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை. சர்க்கரை வியாதிக்காரிக்கு எதுவும் சீக்கிரம் ஆறாது என்று உனக்குத் தெரியும். விரல் கறுத்துவிட்டது. மருத்துவர் என் மகனைவிட இளையவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்மா" என்றார், ஏதோ இடத்தை அடைக்கும் பழைய அலமாரியைச் சொல்வது போல.

"முடியாது" என்றேன். ஆண்டவர் என்னை இரண்டு காலோடு படைத்தார், இரண்டோடுதான் திரும்பிப் போவேன். முழந்தாளிட எனக்கு இரண்டும் வேண்டும். வலி இருக்கிறது, மறைக்கவில்லை. அதை அவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன். துன்பத்தை முணுமுணுக்காமல் தாங்குவதுதானே அவருக்கு நாம் செய்யும் மரியாதை?

மகனும் மருமகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு தம்ளர் தண்ணீர்கூட நான் யாரையும் எடுத்துத் தரச் சொன்னதில்லை. இனி ஆரம்பிப்பதாகவும் இல்லை.

உன் கணவரின் உடல்நிலை எப்படி? ஞாயிறு பூசை தவறாதே.

உன் தோழி


ஜனவரி 16

என் அருமை அளவுகோலே,

நீ கோபித்துக்கொண்டாலும் இந்தப் பெயரை விட மாட்டேன். பள்ளியில் எங்கள் பாவாடை விளிம்பை எல்லாம் ஸ்கேல் வைத்து அளந்தவள் நீ.

இப்போது பழைய வார்டு நர்ஸாகப் பேசுகிறேன், கேட்டுக்கொள். கறுப்பு விரலோடு நிற்காது, மேலே ஏறும். காய்ச்சல் வரும், பேச்சு குழறும், பிறகு உன்னிடம் கையெழுத்துக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. நான் கண்ணால் பார்த்தவை இவை. ஒருவர்கூட அழகாகச் சாகவில்லை.

வலியை ஒப்புக்கொடுக்கிறாயாம். கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிடிவாதத்தைக் காகிதத்தில் சுற்றி, மேலே 'வலி' என்று எழுதிக் கொடுத்தால் அவருக்குத் தெரியாதா? ஆண்டவர் உன்னிடம் அழுகின விரலையா கேட்டார்? முழந்தாளிட முடியாது என்பதுதான் உன் கவலை என்றால் உட்கார்ந்துகொண்டு கும்பிடு. அவர் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வர மாட்டார். அது உன் வேலை.

எனக்கு இருக்கிற சிநேகிதி நீ ஒருத்தி. கையெழுத்துப் போட்டேன் என்று உன்னிடமிருந்து தகவல் வரும்வரை நான் உனக்கு எழுதப் போவதில்லை.

குருவி

இவர் அப்படியே இருக்கிறார்.


+
பிப்ரவரி 21

பிரியமுள்ள குருவிக்கு,

கையெழுத்துப் போட்டேன். கால் போய்விட்டது.

உன் மிரட்டலுக்குப் பயந்து போட்டேன் என்று நினைக்காதே. காய்ச்சல் வந்த அன்று செபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று மறந்து போனது. அதற்குத்தான் பயந்தேன்.

இப்போது நலம். தையலைப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இரண்டு தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறது. நம் தையல் சிஸ்டர் பார்த்திருந்தால் பிரித்து மறுபடி போடச் சொல்லியிருப்பார். இதை மருத்துவரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அடுத்த தடவை சரியா போடுறேம்மா" என்றார். "அடுத்த தடவை உங்களுக்குத் தர என்கிட்ட கால் மிச்சமில்ல" என்றேன். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உயிரோடு இருந்ததால் சிரித்தேன் என்று அன்றிரவு தோன்றியது, நன்றி சொன்னேன்.

இல்லாத பெருவிரல் அரிக்கிறது. இதை யாரிடம் சொறியச் சொல்வது?

மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை வேலைக்கு ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு இருக்கிறாள். துண்டை மூன்றாக மடிக்கிறாள். நான்காக மடி என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளும் மூன்று. என்னைக் குளிப்பாட்டுவதும் அவள்தான். முதல் நாள் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அத்தை, கண்ணத் தொறங்க. சோப்பு எல்லாம் போயிடுச்சு."

"சோப்புக்காக மூடல."

"தெரியும். இருந்தாலும் தொறங்க, தலை சுத்தும்."

திறக்கவில்லை. இன்றுவரை திறந்ததில்லை. இந்த வயதில், பெற்ற பிள்ளையும் பார்க்காத உடம்பை வேறு வீட்டிலிருந்து வந்த பெண் பார்க்கிறாள். இதைத் தாங்குவதைவிட வலியைத் தாங்குவது சுலபமாக இருந்தது.

சாம்பல் புதனுக்குக் கோயிலுக்குப் போனாயா? நானே போக முடியவில்லை, நீயாவது போ. தவக்காலத்தில் பூசை தவறாதே.

உன் தோழி


மார்ச் 1

அளவுகோலே,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். 'கால் மிச்சமில்ல' என்ற இடத்தில் இவருடைய வாயின் நல்ல பக்கம் மேலே போனது. அது சிரிப்பு. எனக்குத் தெரியும்.

உயிரோடு இருக்கிறாய். எனக்கு அது போதும்.

இனி ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது? நான் பூசைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. இவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து போகவில்லை. பெரிய பெரிய பேருந்துகளை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்பிய மனிதருக்கு இப்போது ஒரு ஸ்பூன் வாய்வரை வராது. பேச்சும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். ஒரு பூசைக்கு நான் போய்வர ஆகும் நேரம் அதைவிட அதிகம். இவரை விட்டுவிட்டுப் போக யாரும் இல்லை. 'நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன், நீ போய்ட்டு வா' என்று யாரும் கேட்டதும் இல்லை.

முதலில் ஆண்டவர் மேல் கோபமாக இருந்தேன். பிறகு கோபப்படவும் நேரமில்லாமல் போனது. இப்போது கோபமும் இல்லை, வழக்கமும் இல்லை. சிலுவைக் குறி போடாததற்குக் காரணம் கேட்டாயே, இதுதான். போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு கடிதத்தையும் 'பூசை தவறாதே' என்று முடிப்பாய். படித்துச் சிரிப்பேன். சில நாள் சிரிப்பு வராது.

இதைப் படித்தபின் நீ எனக்கு எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

குருவி


+
மார்ச் 14

பிரியமுள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை. எழுதுவேன்.

வேறு ஒரு விஷயம். பங்குத்தந்தை எனக்கு நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வந்தார். போகும்போது வாசலில் நின்று, "டீச்சர், பெரிய வியாழனுக்கு நான் கால் கழுவுற பன்னிரண்டு பேர்ல இந்த வருஷம் நீங்களும் உண்டு" என்றார்.

"ஃபாதர், வலது காலத்தான் கழுவுறது வழக்கம். என்கிட்ட இருக்கிறது இடது."

"இருக்கிறதக் கொண்டு வாங்க."

"கோயிலே பாக்கும்."

"பாக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனை வருடம் அந்தக் கோயிலில் பலிபீடத் துணியை இஸ்திரி போட்டவள், நிமிர்ந்து நடந்தவள். சக்கர நாற்காலியில் ஒற்றைக்காலை நீட்டிக்கொண்டு நடுவில் உட்கார என்னால் ஆகாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் கணவரைத் தினமும் எப்படிக் கழுவுகிறாய்? எதிலிருந்து ஆரம்பிப்பாய்? விவரமாக எழுது.

உன் தோழி


+
மார்ச் 23

அளவுகோலே,

எழுத மாட்டாய் என்று நினைத்தேன். எழுதினாய். அதுவும் எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டு! உன்னைத் தவிர யாருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றாது.

முகத்திலிருந்து ஆரம்பிப்பேன். கண், காது, கழுத்து. பிறகு கைகள். அந்தச் செயலற்ற கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை நாறும். தண்ணீரை மாற்றி முதுகு. கால் கடைசி. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. இதை உன் மருமகளிடமும் சொல்.

உனக்கு ஒரு சங்கதி சொல்கிறேன். கழுவுகிறவளுக்குக் கஷ்டம் முதுகில்தான். கழுவப்படுகிறவருக்குத்தான் மனசில். இவர் முதல் வருடம் முழுவதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான், அதையும் என்னை விட்டுத் திருப்பினார். ஒரு நாள் காலைக் கழுவும்போது நிமிர்ந்து பார்த்தேன், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அன்றுதான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது எனக்கு. அவர் கழுவ விட்டார், பார். அதற்குத்தான் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இயேசு கால் கழுவ வந்தபோது வேண்டாம் என்று முரண்டு பிடித்த அந்த மீனவச் சீடரை ஞாயிறு வகுப்பில் நீ எத்தனை வருடம் திட்டித் தீர்த்திருப்பாய்! இப்போது அவருக்குப் பக்கத்து நாற்காலி உனக்குத்தான்.

இன்னொன்று. முன்பொரு வருடம் சடங்குக்கு முன்னால் பன்னிரண்டு பேர் காலையும் நீ சோதனை போட்டதும், கிரீஸ் கறை இருக்கிறது என்று ஒரு மெக்கானிக்கைக் குழாயடிக்குத் திருப்பி அனுப்பியதும் நீயே பெருமையாக எழுதியதுதான். கழுவின காலையே ஆண்டவரிடம் நீட்டினால் அவர் எதைக் கழுவுவார்டி?

குருவி


+
ஏப்ரல் 4

என் குருவி,

உன் கடிதத் தலைப்பில் சிலுவை இருந்தது. பார்த்தேன். ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை போனேன். மாலை மருமகள் வழக்கம் போலப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். தினமும் அந்த நேரத்தில் என் இடது காலைக் கழுவி, அடியில் கைக்கண்ணாடி பிடித்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

"வேண்டாம். இன்னிக்குக் கழுவாத."

"அத்தை! முற்றத்துல நடை பழகின புழுதி அப்படியே இருக்கு. நேத்துப் போட்ட களிம்பு வேற."

"இருக்கட்டும். இதையும் நீ கழுவிட்டா அவருக்கு என்ன வேலை?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கண்ணாடியில் புண் இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து இருக்கையில் யார் என்று நினைக்கிறாய்? அந்த மெக்கானிக். தலை நரைத்துவிட்டது. என் காலைப் பார்த்தார், குனிந்து என் காதருகே வந்தார்.

"டீச்சர், கால்ல புழுதி இருக்கே."

"தெரியும்."

"நான் ரெண்டு தடவ தேச்சுக் கழுவிட்டு வந்தேன். உங்களுக்குப் பயந்துதான்."

கோயிலில் நான் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை. பாடகர் குழு திரும்பிப் பார்த்தது.

ஃபாதர் ஒவ்வொருவராக முழந்தாளிட்டு வந்தார். என்னிடம் வந்ததும் பழக்கத்தில் வலது பக்கம் குனிந்துவிட்டார். அங்கே மடித்துப் பின் குத்திய சேலைதான் இருந்தது. பிறகு எழுந்திருக்காமல், முழங்காலாலேயே நாற்காலியைச் சுற்றி இடது பக்கம் வந்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. பாத்திரத்தில் புழுதி கலங்கியதை நான் பார்த்தேன், குருவி. கண்ணை மூடவில்லை. எனக்காக முழந்தாளிட இன்னொருவரிடம் இரண்டு கால் இருந்தது. என்னிடம் இல்லையே என்று இரண்டு மாதம் ஆண்டவரிடம் வழக்காடிக்கொண்டிருந்தேன்.

துடைத்த துண்டு மூன்றாக மடித்திருந்தது. இந்த வருடத் துண்டுகளை மடித்தது என் மருமகள். நன்றாகவே துடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் அதைச் சொன்னேன். "காய்ச்சலா அத்தை?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நேற்றுக் குளிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். தலை துவட்டும்போது அவள் ஏதோ முணுமுணுவென்று பாடினாள். சுருதி சேரவில்லை. பாடட்டும்.

கிழித்த தாள்களில் எழுத வராததை இப்போது எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு மாலை நாங்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் செய்வதை நீ ஆறு வருடமாகத் தினமும் காலையில் செய்கிறாய். உன்னைப் போய்ப் பூசை தவறாதே என்று எழுதிக்கொண்டிருந்தேன். சிலுவை போட உனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டாயே. என்னைவிட உனக்கு இருக்கிறது. இவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது. உன்னை எனக்குக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று மருமகளுக்கு விடுமுறை. முந்தின நாளே ரயில் ஏறி இருவரும் உன் வீட்டுக்கு வருகிறோம். ஞாயிறு காலை நீ பூசைக்குப் போ. உன் கணவரோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரால் பேச முடியாது, என்னால் எழுந்து போக முடியாது, எங்களுக்குள் சண்டை வர வழியில்லை. நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்க என் மருமகள் இருக்கிறாள், பலசாலி. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சனிக்கிழமையே அவளுக்குக் காட்டிக் கொடு. பூசை முடிந்ததும் ஓடி வராதே. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வா.

ஒன்று மட்டும். நாங்கள் வருகிறோம் என்று வீட்டைக் கழுவித் துடைத்து வைக்காதே.

அளவுகோல்