காக்காவின் காரும் உங்கள் உள்ளங்கையும்

இஞ்சாருங்கோ,

முந்தாநாள் எங்கள் மூத்தவன் வவுனியாவில் ஒரு வெள்ளைக் கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். பழையதுதான், ஆனால் ஒரு கீறல் இல்லை. "ஒரு இடத்திலயும் அடிபடாத கார் அம்மா" என்று, விற்றவர் சொன்னதை அப்படியே ஒப்புவித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். எனக்குக் கை சும்மா இருக்குமா? சேலைத் தலைப்பை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். இரண்டாவது கதவில், கைப்பிடிக்குக் கீழே கை நின்றது. "தம்பி, இதில ஆரோ வெட்டி ஒட்டியிருக்கினம். வேலை வலு சுத்தம்" என்றேன். அவன் நம்பாமல் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தான். அவர் ஒத்துக்கொண்டார். கதைத்து முடித்துவிட்டு இவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கண்ணாடி இல்லாமப் பேப்பர் வாசிக்க மாட்டியள். இது மட்டும் எப்பிடியம்மா?" என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது. மற்றக் கதவுகளையும் தடவாமல் இங்கே வந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் நாங்கள் குடித்தனம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உழவு இயந்திரம் திருத்தும் அரசாங்க வேலையை எனக்கு ஒரு சொல் சொல்லாமல் விட்டுவிட்டு வந்து நின்றீர்கள். கண்டி வீதியோரம் ஒரு பாலைமரத்தின் கீழ் நான்கு தடி நட்டு, தென்னங்கிடுகு வேய்ந்து, இதுதான் கார் வெல்டிங் கடை என்றீர்கள். கிளிநொச்சியில் அன்றைக்கு ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணலாம்! செய்தி யாழ்ப்பாணம் போக எத்தனை நேரம்? அடுத்த கிழமையே என் ஐயா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"உத்தியோகம் எண்டுதானே பிள்ளையைக் குடுத்தனான். தகரம் ஒட்டுறவனோட அவள் காட்டுக்க கிடக்கத் தேவையில்லை. பெட்டியைக் கட்டு பிள்ளை" என்றார். ஐயா சொன்னால் சொன்னதுதான். நீங்கள் கெஞ்சவில்லை. "ஞாயிறு வரைக்கும் பொறுங்கோ மாமா. காக்கான்ர காரைப் பாத்திட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். நான் பாதி கட்டிய பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் உங்கள் பின்னால் கடைக்கு வந்தேன். எனக்குப் போக விருப்பமில்லை என்பதை உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

காக்கா என்று ஊரே மரியாதையாகக் கூப்பிட்டவர், முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். தன் கறுப்பு மொரிஸ் மைனரின் கூரையில் ஒலிபெருக்கி பூட்டி, ஊரூராகக் கடைக்கு விளம்பரம் சொல்லித் திரிந்தவர். ஒலிபெருக்கியைக் கழற்றியபோது ஐந்து ஓட்டைகள் மிஞ்சின. அவற்றில் தார் அடைத்திருந்தார். மாரியில் மழை சொட்டும், வெயிலில் தார் சொட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கலியாணம் தம்பி. மாப்பிள்ளை வெள்ளை உடுப்போட உள்ளுக்க இருப்பார். தலையில தார் விழுந்தா நான் எந்த முகத்தோட நிப்பன்?" என்றார்.

"ஓட்டை இருந்த இடமே தெரியாது காக்கா" என்றீர்கள். வாய் உங்களுக்கு எப்போதும் கையைவிட நீளம்.

புதன்கிழமை வேலை தொடங்கியது. உள்ளே கூரைத் துணியைக் கழற்றி, தாரைச் சுரண்டி எடுத்தீர்கள். கார்த் தகரம் மெல்லியது, ஓர் ஓட்டையை அடைத்துவிட்டு அது ஆறும்வரை பொறுத்துத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னதும் நீங்கள்தான். ஆனால் ஐயா எதிரே கதிரை போட்டு இருக்கிறாரே! அவருக்கு வித்தை காட்ட வேண்டாமா? ஐந்தையும் ஒரே மூச்சில் நெருப்புக் குழாயால் ஒட்டி அடைத்தீர்கள். உழவு இயந்திரத்தில் போடுகிற போடாகச் சுத்தியலால் போட்டீர்கள். சூடு தணியுமுன் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தடவியும் பார்த்தீர்கள்.

கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. கூரை பொரித்த பப்படம்போல எழும்பி நின்றது. ஐயா மெல்ல எழுந்து வந்து ஒற்றை விரலால் அழுத்தினார். டொக் என்று உள்ளே போனது. விரலை எடுத்தார். டொக் என்று வெளியே வந்தது.

"ஒலிபெருக்கியைக் கழட்டின பிறகும் கார் கதைக்குது தம்பி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் அன்றைக்கு முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கமாட்டேன்.

வியாழன் காலை நீங்களே வந்து சமாதானம் பேசினீர்கள், தேவை இருந்ததால். அடி பட்டுத் தகரம் எங்கே நீண்டு நிற்கிறதோ அந்த இடத்தைக் காசளவு சிவக்கச் சுட்டு, மெல்லத் தட்டி, ஈரச் சாக்கால் அமத்தினால் சுருங்கி இறங்கும். வழி தெரியும். இடத்தைக் கைதான் சொல்ல வேண்டும், கண்ணுக்கு அது பிடிபடாது. உங்கள் கை துணிச்சுற்றுக்குள்.

"இஞ்சாரும், வாங்கில ஏறும்."

"நானோ? பஸ் போற றோட்டில? ஐயா வேற பாத்துக்கொண்டிருக்கிறார்."

"இடியப்ப மாவில கடுகளவு கட்டி கிடந்தாலும் பிடிக்கிற கையெல்லே. தலைப்பைக் கைக்குக் கீழ வைச்சுத் தடவும், இன்னும் வடிவாத் தெரியும்."

வாங்குப் பலகையில் ஏறி நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் முறை தடவும்போது ஓரிடத்தில் கை தானாக மெதுவானது. சோக்குக் கட்டியால் வட்டம் போட்டேன். நீங்கள் விரல் நுனிகளால் நெருப்புக் குழாயைப் பிடித்துச் சுட்டீர்கள், தட்டினீர்கள், நான் சாக்கை வைத்தேன். சர்ரென்று ஆவி எழும்பியது. அந்த நேரம் பார்த்துப் போன பஸ்ஸிலிருந்து ஒருவர், "அக்கா, காரிலயோ புட்டு அவிக்கிறியள்?" என்று கத்தினார். ஐயாவே சிரித்தார். நடுவில் ஒரு பொறி பறந்து என் மணிக்கட்டில் விழுந்தது. ஐயா கண்டால் பெட்டியின் மற்றப் பாதியும் கட்டப்பட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வளையலை இழுத்து மூடினேன். பொழுது சாயும்வரை தடவினேன், வட்டம் போட்டேன், இறங்கவில்லை. கடைசியில் அரத்தால் மெல்ல ராவினீர்கள். வெள்ளிக்கிழமை கறுப்புப் பெயின்ற் அடித்தீர்கள்.

ஞாயிறு விடிய, காக்கா வருமுன்னே ஐயா காரடியில் நின்றார். விரலால் அழுத்தினார். சத்தமில்லை. இரண்டு விரலால் அழுத்தினார். பிறகு உள்ளங்கையால். குனிந்து கூரையின் மேலால் கண் வைத்துப் பார்த்தார்.

"எந்த இடத்தில தம்பி ஓட்டை இருந்தது?"

"தேடிப் பாருங்கோ மாமா."

அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே காக்கா வந்தார். கூரையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். ஐயா நிமிர்ந்து, "என்ர மருமோன் செய்த வேலை. சும்மாவோ?" என்றார். அதே வாய்தான்! பின்னேரம் தனியாக பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன் என் பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனை கார்கள், எத்தனை ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பெயின்ற் அடிக்குமுன் ஆள் அனுப்புவீர்கள், கடையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகு நீங்களே கூப்பிடுவீர்கள். "இஞ்சாரும், சுட்ட கை மரத்துப் போச்சு. ஒருக்கா வந்து பாரும்." குசினியில் கறி அடிப்பிடிக்கும். திட்டிக்கொண்டே வருவேன். நான் தடவி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று சிரிப்பீர்கள். நானும் பாவம், உண்மையென்று நம்பி, "அவருக்குக் கையில உணர்ச்சியில்லை, நானில்லாட்டிக் கடையில்லை" என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

நீங்கள் கட்டிலோடு இருந்த கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம். கண்ணை மூடியபடி என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் உள்ளங்கை என் மணிக்கட்டில் வந்து நின்றது.

"இது காக்கான்ர காரில பட்ட பொறியெல்லே?"

கடுகளவுத் தழும்பு அது. நானே தேடினால்தான் தெரியும். உங்களுக்கு நான் சொன்னதே இல்லை.

"கை மரத்துப் போச்செண்டு சொன்னியள்?"

கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். "அது அடுத்த கிழமையே ஆறீட்டுது."

கள்ளன்! உங்களால் எத்தனை கறி எரிந்தது. அன்றைக்குக் கோபப்பட்டேனா, அழுதேனா என்று ஞாபகமில்லை. இப்போது நினைத்தால் முகம் கொள்ளாத சந்தோஷம். முப்பது வருடத்துக்கு மேலாக, வேலையொன்றும் இல்லாமலே ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மூத்தவனின் கார் முற்றத்தில் நிற்கிறது. இன்னும் இரண்டு கதவு தடவிப் பார்க்க இருக்கிறது. அடுப்பில் கறி கொதிக்கிறது. கொதிக்கட்டும், நான் போய்ப் பார்த்துவிட்டு வாறன்.