கரியாஹாட்டில் கிடைக்காத கழுத்து

காக்கு,

இன்று காலை அம்மா பீரோவின் மேல்தட்டிலிருந்து குளிர்த்துணிகளை இறக்கினாள். செங்கல் நிற மஃப்ளர் ஒன்று என் மடியில் வந்து விழுந்தது. நீங்கள் வாங்கித் தந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தால் பாச்சை உருண்டை நாற்றம்தான். ஆனாலும் எனக்குக் கடுகெண்ணெய் மணத்தது. குளிக்கும்முன் உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்வீர்களே, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் உங்களோடு வண்டி ஏறி வருமே, அந்த எண்ணெய்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, தெரியும். ஆறு வருஷம் உங்களோடு வங்காளத்தில்தான் வாயடித்தேன். அதில் எனக்குக் கிண்டல் மட்டுமே சரளம். இதற்கு வேறு பாஷை வேண்டியிருக்கிறது. சித்தப்பா என்று ஆரம்பித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் காக்குதான். பதிலுக்கு நான் உங்களுக்கு இட்லி. கோபம் வந்தால் பாந்தோர், அதாவது குரங்கு. பெரும்பாலும் பாந்தோர்தான்.

பெஹாலா குவார்ட்டர்ஸில் எங்கள் எட்டுப் பேரையும் அடைத்துக்கொண்டு வண்டி கிளம்பும். முதல் வேகத்தடை வந்ததும் தலையைத் தோளில் தொங்கவிட்டு, நாக்கை வெளியே நீட்டி, "காக்கு, கழுத்து போச்சு!" என்பேன். குட்டிகள் எல்லாம் சிரிக்கும். நீங்கள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பீர்கள்.

"போனா போகட்டும் விடு. கரியாஹாட்ல பேரம் பேசி வேற ஒண்ணு வாங்கிடலாம்."

"நல்ல கழுத்தா வாங்குங்க. டியூப்லைட் மாதிரி நீளமா."

"உன் வாய்க்கு அது தாங்காது. இரும்புக் கடையிலதான் கேக்கணும்."

தினமும் இதே கழுத்தறுப்பு. சலிக்காமல் அறுத்தேன், சலிக்காமல் கழுத்தைக் கொடுத்தீர்கள்.

பள்ளி வாசலில் இன்னொரு கூத்து. இறக்கிவிட்டதும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பீர்கள். மற்ற பிள்ளைகள் திரும்பி டாட்டா காட்டும். நான் மட்டும் காது கேளாதவள் மாதிரி நடப்பேன். நீங்கள் விடமாட்டீர்கள். வாட்ச்மேன் கத்தும்வரை பீம் பீம். கடைசி நொடியில் கழுத்தை மட்டும் திருப்பி நாக்கைத் துருத்துவேன். அப்போதுதான் வண்டி நகரும்.

போன வருஷம் மழைக்காலத்தில் டாலிகஞ்ச் சிக்னலில் நம் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒன்றையொன்று முந்தப் பார்த்து வந்த இரண்டு மினிபஸ்ஸில் ஒன்று பின்னாலிருந்து இடித்தது. நான் கடைசி சீட்டில் இருந்தேன். சத்தம்கூட ஞாபகமில்லை. தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது மட்டும் தெரியும். பிறகு கைவிரல்களில் எறும்பு ஊர்ந்தது.

"காக்கு, கழுத்து போச்சு."

அழுதுகொண்டிருந்த குட்டிகள்கூட அதற்குச் சிரித்தன. நீங்கள் சிரிக்கவில்லை. பின்பக்கமாக ஏறி வந்து, சீட்டின் முதுகில் முழங்கைகளை ஊன்றி, என் காதுகளை இரண்டு உள்ளங்கையாலும் கவ்விக்கொண்டீர்கள். "நோடிஷ் நா, மா. ஆடாதே. ஒரு பொட்டுக்கூட ஆடாதே." குரங்கு என்று சொல்லவில்லை என்பதில்தான் எனக்கு முதல் பயமே வந்தது.

மற்ற பிள்ளைகளுக்குச் சிராய்ப்புதான். யார் யாரோ இறக்கிவிட்டார்கள். இடித்த பஸ்ஸின் டிரைவர் ஓடிவிட்டார். நம் ஊரில் ஓடிய டிரைவர் கிடைக்காவிட்டால் ஓடாத டிரைவருக்குத்தானே அடி? கூட்டம் வண்டியைச் சூழ்ந்தது. "பொண்ணை வெளிய இழு, உக்கார வச்சுத் தண்ணி குடு!" என்றது ஒரு குரல். "தொடாதீங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினீர்கள். "பிள்ளைங்க வண்டிய இப்படித்தான் ஓட்டுவியா?" என்று ஜன்னல் வழியாக முதல் அறை விழுந்தது. அப்புறம் எண்ணவில்லை. தடுப்பதற்கு உங்களிடம் கை இல்லை. இரண்டும் என்னிடம் இருந்தன.

ஒவ்வோர் அறைக்கும் உங்கள் தலை ஆடியது. என் தலை ஆடவில்லை.

ஆம்புலன்ஸ் பையன் என் கழுத்தில் பட்டையை மாட்டி, "விடுங்கண்ணே, நான் பிடிச்சுட்டேன்" என்று மூன்று முறை சொன்னபின்தான் கையை எடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் திருநெல்வேலி கிளம்பிவிட்டது. "மத்த பிள்ளைகளெல்லாம் அப்பமே வீடு சேந்தாச்சு. எம்பிள்ளைய மட்டும் அம்புட்டு நேரம் ரோட்டுலயே வச்சிட்டு இருந்திருக்கீரே, ஒமக்குப் புத்தி இருக்காய்யா?" ஒரு வார்த்தை புரியாமல், வீங்கிய கன்னத்தோடு, நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்களாம். அந்த நேரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தோடு வெளியே வந்தார். கழுத்து முள்ளெலும்பு ஒன்றில் விரிசல், நகரவில்லை. அப்போதே இழுத்து உட்காரவைத்திருந்தால் கைகால் போயிருக்கலாம் என்றார். தலையை அசையாமல் பிடித்திருந்தது யார் என்று கேட்டார். அம்மா உங்களைப் பார்த்தாள். மறுநாள் முதல் அவள் சொதி வைக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு தூக்கு போனது. அதைத் தேங்காய் டால் என்று நீங்கள் குடித்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நாலாம் நாள் வார்டுக்கு வந்தீர்கள், பல் ஒன்று குறைந்திருந்தது. பையிலிருந்து இந்த மஃப்ளரை எடுத்தீர்கள். வெளியே புழுக்கம், கொட்டும் மழை.

"கரியாஹாட் முழுக்கக் கேட்டேன். கழுத்து ஸ்டாக் இல்லையாம். இதுதான் கிடைச்சது."

"மழைக்காலத்துல மஃப்ளரா?"

"மழைக்காலத்துலதான் பாதி விலை, பாந்தோர்!"

குரங்கு திரும்பி வந்ததில் எனக்குப் பாதி வலி போய்விட்டது. கழுத்தை அசைக்காமல் பிடிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். டிராஃபிக் போலீஸ் ஏதோ முகாம் நடத்தியதாம். டிபன் பொட்டலம் தருவார்கள் என்று போனீர்களாம். "லூச்சி, ஆலூர் தோம், ஒரு சந்தேஷ். போலீஸ்காரர் சொன்னதுல இந்தக் கழுத்து ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு. சந்தேஷ் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"சரி, நான் நடிக்கலைன்னு எப்படித் தெரிஞ்சது?"

"நடிக்கிறப்போ கண்ணாடியில என் மூஞ்சியப் பார்ப்பே. அன்னிக்குப் பார்க்கல."

இத்தனை வருஷமாக உங்களை ஏமாற்றுவதாக நினைத்திருந்தேன், காக்கு.

பட்டையோடு மறுபடி பள்ளிக்குப் போனபோது ஹாரன் அடித்தீர்கள். திரும்ப வேண்டுமென்றால் கால், இடுப்பு, பை எல்லாம் சேர்ந்து தேர் மாதிரித் திரும்ப வேண்டியிருந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் பல் போன ஓட்டை வாசல்வரை தெரிந்தது. "இது செல்லாது. பட்டையக் கழட்டுற அன்னிக்கு அடிப்பேன். உடம்பு திரும்பக்கூடாது. கழுத்து மட்டும். அதைப் பார்த்துட்டுதான் வண்டிய எடுப்பேன்."

காளி பூஜை முடிந்த வியாழக்கிழமை கழற்றினார்கள். நீங்கள் அதற்கு முந்தைய திங்கட்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நெஞ்சு என்றார்கள். உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் பட்டை இருந்தது. குனிய முடியவில்லை. நின்றபடியேதான் பார்த்தேன்.

இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நல்லவர், ஹாரன் அடிப்பதில்லை. பட்டை இல்லாமல் போன முதல் நாள், பள்ளி வாசலில் பின்னால் யாரோ இரண்டு தடவை அடித்தார்கள். சட்டென்று திரும்பினேன். குறுக்கே நின்ற ரிக்‌ஷாவுக்கு அடித்திருக்கிறார்கள். தன்னைப் பார்த்துத்தான் நாக்கைத் துருத்தினேன் என்று நினைத்து ரிக்‌ஷாக்காரர் திட்டினார்.

அதன்பிறகு ஹாரனுக்குக் காத்திருப்பதில்லை, தினமும் நானாகவே திரும்பிவிடுகிறேன். இன்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன். வாட்ச்மேனைத் தாண்டியதும் திரும்பினேன்.

உடம்பு திரும்பவில்லை, காக்கு. கழுத்து மட்டும்.

உங்கள்
பாந்தோர்