கிழிக்காத உறை

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பது போனில் கேட்ட குரலிலேயே தெரிந்தது, அந்த மட்டில் நிம்மதி. நானும் இருக்கிறேன். அம்மா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. லேசாகச் சூடு பட்டது என்று அவள் உன்னிடம் சொன்னது பொய். நீ வாங்கி அனுப்பிய குளியலறை ஹீட்டர் புகைந்தபோது அதை அணைக்கப் போனாள், உருகிய பிளாஸ்டிக் வலது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. விரலை இன்னும் மடக்க முடியவில்லை. நம் வீட்டில் எந்தப் புதுப் பொருளுக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாட்டோம், ஃப்ரிட்ஜ் கதவில் அது மஞ்சளாகி இன்னமும் ஒட்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். மகள் அனுப்பியது பழசாகிவிடக் கூடாது என்று ஹீட்டரிலும் அப்படியே விட்டுவைத்தாள். சூடு வெளியேறும் துளைகளை அது அடைத்துவிட்டதாம். சர்வீஸ் ஆள் வந்து, "யாரும்மா இதை எடுக்காம விட்டது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க, எனக்குத் தெரியல" என்று குற்றவாளி மாதிரி ஒப்புக்கொண்டாள். அத்தோடு வாரண்டி போயிற்று.

அரசாங்க நுகர்வோர் அலுவலகத்துக்குப் போவேன் என்று நான் கத்திய பிறகுதான் புது ஹீட்டர் தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். உன் சித்தப்பா, "கவர்மென்ட் வந்து உன் வீட்டுக் கவரைக் கிழிக்குமாண்ணே?" என்று சிரிக்கிறான். அவனும் கடை வைத்திருப்பவன்தானே, வேறெப்படிச் சிரிப்பான், பாகம் பிரித்த அன்றும் இதே சிரிப்புதான். நீயோ வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறாய். உண்டுதான். அடுப்பில் கை வைத்தால் என் தப்பு. ஆனால் உறையை எடுக்காவிட்டால் எரியும் பொருளை உறையோடு விற்கலாமா? அதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டாமா? கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் நம்முடையதைப் பார்த்து அதையே வாங்கியவள். ஓடிப்போய் உறையை உரித்தேன். "புதுசுல ஏன் சார் கை வைக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் குழந்தை அப்போது அந்தக் குளியலறையில்தான் நின்றிருந்தது. அவள் வீட்டுக்கு நான் போனேன், மற்ற வீடுகளுக்கு யார் போவார்கள்?

புது ஹீட்டர் தருவதற்குக் கம்பெனி ஒரு தாள் கொடுத்திருக்கிறது, பில் உன் பேரில் இருப்பதால் அதில் உன் கையெழுத்துதான் வேண்டுமாம். "ஒரு கையெழுத்துதானேப்பா" என்றாய். அம்மாவும், "பிள்ளையை ஏன் இழுக்கறீங்க, போட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவர்கள் தாளில் இருப்பது, தவறு பயன்படுத்தியவருடையது, இனிப் புகார் இல்லை என்பது. உன் அம்மா தன் கையைத் தானே சுட்டுக்கொண்டாள் என்று நீயே எழுதிக் கொடுப்பதற்கு ஈடு அது. அந்தத் தாளோடு நுகர்வோர் அலுவலகத்துக்கான புகார் மனுவும் இத்துடன் இருக்கிறது, அதற்கும் உன் கையெழுத்துதான் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எந்தக் குறையும் உனக்கு வர வேண்டாம். உன் அறையில் உறையோடு எது இருந்தாலும் இன்றே கிழித்துப் போடு. நம் கடிதங்களில் கடைசி இரண்டு வரி எப்போதும் அம்மா எழுதுவது. வழக்கம்போல இடம் விட்டிருக்கிறேன், இந்தத் தடவை அது காலியாகவே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்தை எதில் போடுவதென்று முடிவு செய்.

அன்புடன்,
அப்பா